ஜமால் பாயின் சாவி

“...அதனாலதான் சொல்றேன் அண்ணே, எனக்கு உங்க மேல பொறாமை. இன்னிக்கு நேத்து இல்ல, பாய் அந்தச் சாவிய என் கையில வச்ச நாள்லேருந்தே” என்றாள் பரமேஸ்வரி.

எடைமேடை அறையின் சன்னலுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வெயிலில் வரிசை பிடித்து நின்றன. என் மேல் பொறாமையா? அவளைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தவன் நான் அல்லவா! அந்த ஒன்றாவது எனக்கே எனக்கு என்று இருந்தது. அதிலும் பங்குக்கு வந்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரவாங்கில் எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள். “அங்கிள், இனிமே கையெழுத்தெல்லாம் சர்வரே போட்டுக்கும், ஆள் வேணாம். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன்லா” என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் பேச்சைக் கேட்டால் மழையைக் கூப்பிட்ட மாதிரி. குடை கொண்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெயர் ஆறுமுகம். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு முடிந்தது. செம்பனைப் பழத்தில் எண்ணெய் எடுக்கும் மில்லில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனேன். பழம் ஏற்றிய லோரியை அப்படியே மேடையில் ஏற்றி நிறுப்பது, பழத்தைக் கொட்டிவிட்டு வரும் வெறும் லோரியை மறுபடி நிறுப்பது, ஒன்றை ஒன்றில் கழித்துச் சீட்டுக் கொடுப்பது. அந்த அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் வந்து பார்த்தவர் ஜமால் பாய். “ஏன் பாய் இப்படிப் பண்ணுது, ஏன் அப்படிப் பண்ணுது” என்று நான் அரித்த அரிப்பில், “கேள்வி கேக்கிற ஆள வெளிய வச்சா தொந்தரவு, உள்ள வச்சா வேலை” என்று சொல்லித் தன் கம்பெனிக்கே இழுத்துக்கொண்டார். புரோகிராம் எழுதுவதை நானாகத் தட்டித் தடுமாறிக் கற்றேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

ஜமால் பாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வந்தவர். அண்ணன் கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை போட்டார். தம்பியான இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். எங்கள் கம்பெனி சுங்கை சோ போகிற சாலையில் ஒரு மாடிக் கடைவீடு. கீழே டயர்க் கடை. வட சிலாங்கூரில் பல செம்பனை மில்களின் எடைமேடைகளில் ஓடியது எங்கள் புரோகிராம்தான்.

பாய் யாரையும் பாராட்டமாட்டார். நாம் எழுதியதை வரி வரியாகப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். மூக்கிலேயே விட்டுவிட்டு “போகலாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் நம் வேலை மில்களுக்குப் போகும். அந்த ‘போகலாம்’ஐ வாங்குவதற்காக நான் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. என் வீட்டுக்காரி சொல்வாள், “கல்யாணத்துக்கு எங்கப்பா சம்மதம் சொன்னப்பகூட நீங்க இப்படிச் சிரிக்கல.”

இந்தச் சாவி விவகாரம் எப்படி வந்தது? என் பெயரால்தான் வந்தது.

புரோகிராமில் எதையாவது மாற்றினால், யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று குறிப்போடு சேர்த்துப் பதிவது வழக்கம். அதற்குக் கமிட் என்று பெயர். ஒருநாள் தஞ்சோங் காராங் பக்கத்து மில்லிலிருந்து பாய்க்குப் போன் வந்தது: எடையில் கடைசி இலக்கம் எப்போதும் குறைத்தே விழுகிறது, சின்னத் தோட்டக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு கமிட். கீழே பெயர்: ஆறுமுகம். நான் அதை எழுதவில்லை.

பாய் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார். “நீங்களா?”

“இல்ல பாய்.”

“சரி. நான் நம்புறேன்.” கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “ஆனா நான் நம்புறது போதாது ஆறுமுகம். நாளைக்கு நான் இல்லேன்னா உங்கள யார் நம்புவா?”

உண்மை என்னவென்றால், கமிட்டில் யாருடைய பெயரையும் யாரும் எழுதலாம். கடிதத்தின் பின்பக்கத்தில் அனுப்புநர் பெயரை எழுதுகிற மாதிரிதான். அந்த மில்லுக்குக் கேபிள் மாட்டப் போயிருந்த ஒரு கான்ட்ராக்ட் ஆள், அங்கிருந்த கம்ப்யூட்டரில் பதிந்து கிடந்த என் பெயரிலேயே எடைக் கணக்கை மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். எதற்கு, யார் சொல்லி என்பது கடைசி வரை தெரியவில்லை; ஆள் அதற்குள் ஊரைக் காலி செய்துவிட்டான். எடையைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் சில மாதங்கள் அந்த மில்லுக்கு நான் போனாலே லோரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். செய்யாத காரியத்துக்குப் பதில் சொல்லவும் வழியில்லாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

அதற்குப் பிறகுதான் பாய் ஆளுக்கொரு சாவி செய்யச் சொன்னார். இரும்புச் சாவி இல்லை. மிக நீளமான ஒரு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஜோடியாகப் பிறக்கும். ஒன்று ரகசியம், நம்மிடமே இருக்கும். மற்றது ஊருக்குக் கொடுப்பது. ரகசியத்தால் கமிட்டில் முத்திரை வைத்தால், ஊரில் இருக்கிற ஜோடியால் அதைச் சரிபார்க்கலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை ஒட்டாது. ஒட்டினால் கமிட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழும்.

ஊருக்குக் கொடுத்த சாவி இன்னாருடையதுதான் என்று எப்படித் தெரியும்? அதற்குப் பாய் வைத்த முறையைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு சாவிக்கும் சுருக்கமாக நாற்பது எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. அதை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது, போனில் சொல்லக்கூடாது. கோலசிலாங்கூரில் அவருடைய அண்ணன் கடைக்கு நேரில் போய், எதிரே உட்கார்ந்து, வாயால் படிக்க வேண்டும். அவர் தன் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பார். அதற்கு முன் அடையாளக் கார்டை மேசையில் வைக்க வேண்டும்.

“பாய், என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து என்னைத் தெரியும்” என்றேன்.

“தெரியும். கார்ட எடுங்க.”

எடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “முடி எங்க போச்சு?”

“உங்க கம்பெனியில போச்சு பாய்.”

சிரிக்கவில்லை. “படிங்க.”

நான்கு நான்காகப் படித்தேன். “ஏ, ஏழு, எஃப், மூணு...” பின்னால் ரொட்டிக் கல்லருகே நின்ற ஆள் “ரொட்டி ரெண்டு, முட்டை ஒண்ணு!” என்று கத்த, என் வாயில் ‘மூணு ரெண்டு’ என்று வந்துவிட்டது. பாய் கையை உயர்த்தினார். “முதல்லேருந்து.” மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் தே தாரிக் வந்தது. “முதல்லேருந்து.” மூன்றாவது தடவை முடித்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.

எனக்கு அடுத்தவள் பரமேஸ்வரி.

செரண்டாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் பெண். டிகிரி முடித்தவள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் பாய் கேட்பதற்கு முன்பே கார்டை மேசையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாற்பதையும் மனப்பாடமாகச் சொன்னாள். கல்லில் நின்ற ஆள் கத்தத்தான் செய்தான். அவள் காதில் விழவே இல்லை. பாய் கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டு, கண்ணாடி மூக்கிலேயே இருக்க, “போகலாம்” என்றார்.

ஒரு கைரேகைக்கு ‘போகலாம்’! அன்று பிடித்தது எனக்கு இந்த எரிச்சல்.

அதோடு விட்டதா? எனக்குப் பச்சைக் குறி விழவே இல்லை. பக்கத்து மேசையில் அவள் கமிட்டெல்லாம் பச்சை பச்சையாக நிற்கும். என்னுடையதில் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று வெளிறிப் போய்க் கிடக்கும். யாரோ என் பெயரைத் திருடியதால்தான் இந்த முறையே வந்தது, கடைசியில் நானே எனக்கு அந்நியன் ஆகிவிட்டேன். யாரிடமும் கேட்க மனம் வரவில்லை. ஒருநாள் அவளே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, சாவியில உங்க பழைய ஈமெயில் இருக்கு. கமிட்ல புதுசு இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

டீ ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. நன்றி சொன்னேன். நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல கோவமா, அந்தப் பச்சை மேல கோவமா?” என்று கேட்டாள் வீட்டுக்காரி. ரசத்துக்குக் கொத்தமல்லி போடலாமா என்று கேட்ட அதே குரலில் கேட்டாள்.

நாங்கள் வைப்பது, எழுதியவர் இன்னார் என்கிற முத்திரை. அது மட்டும் இருந்தால் மில் கம்ப்யூட்டர்கள் ஏற்காது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மேலே பாய் தன் சாவியால் ஒரு முத்திரை வைக்க வேண்டும். அவருடைய ரகசியம், கட்டை விரல் நகமளவு உள்ள ஒரு யூஎஸ்பி துண்டுக்குள் இருந்தது; வெளியே எடுக்கவோ நகல் எடுக்கவோ முடியாது. அதைச் செருகி, ஆறு இலக்க எண் ஒன்றை அடித்தால், அது மினுக்கும். மினுக்கும்போது விரலால் தொட வேண்டும். அப்போதுதான் முத்திரை விழும். எண்ணை மூன்று தரம் தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். கார்ச் சாவியோடும் கடைச் சாவியோடும் கோத்து, அவர் இடுப்பில் அது எப்போதும் தொங்கும். பாய்க்குப் பிறகு அது யார் இடுப்புக்கு வரும் என்று நான் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. வரிசைப்படி பார்த்தால் என் இடுப்பு.

பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. ஆபரேஷன் என்றார்கள். விடுப்பில் போகிற நாள், எல்லாரும் பார்க்க, வளையத்திலிருந்து அந்தத் துண்டைக் கழற்றினார். நான் எழுந்தேவிட்டேன். அவர் என்னைக் கடந்து போய்ப் பரமேஸ்வரியின் கையில் வைத்தார்.

எழுந்தவன் என்ன செய்வது? தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிப் போனேன். போத்தலில் தண்ணீர் இல்லை.

அன்று மாலை பாய் என்னைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டு விட்டார். வாசலில் நிறுத்திவிட்டு ஆறு இலக்கம் சொன்னார். “திருப்பிச் சொல்லுங்க.” சொன்னேன். “சாவியோட எண். எழுதி வைக்காதீங்க. வாய் விட்டுச் சொல்லாதீங்க, யார்கிட்டயும்.”

“எதுக்கு பாய் எனக்கு?”

“இருக்கட்டும்.”

எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்தது என்று நினைத்தேன். சாவியும் எண்ணும் அவளுக்கு. அவள் மறந்துவிட்டால் கேட்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான். வண்டிக்குப் பின்னால் மாட்டிய ஸ்பேர் டயர். அன்றிலிருந்து அவளிடம் வேலை தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. பேச்சை நிறுத்துவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கீழே டயர்க் கடைக்காரன்கூட, “என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

பாயை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன அதே காலையில் பத்தாங் பெர்ஜுந்தை மில்லிலிருந்து போன். நான் கிராணியாக இருந்த அதே மில். எடை காட்டும் பெட்டியைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். அது எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்து அனுப்புகிறது. எங்கள் புரோகிராம் ‘இது எண்ணே இல்லை’ என்று சீட்டு அடிக்க மறுக்கிறது. கையால் எழுதிக் கொடுக்கலாமே என்றால், அந்தத் தஞ்சோங் காராங் விவகாரத்துக்குப் பிறகு கையால் எழுதும் வழியை அடைத்ததே நாங்கள்தான்.

நான் காரில் போனேன், அவள் மோட்டாரில் வந்தாள். லோரி வரிசை சாலை வரை நீண்டிருந்தது. வெட்டிய பழம் கிடக்கக் கிடக்கப் புளிக்கும், தரம் இறங்கும், இழப்பு சின்னத் தோட்டக்காரன் தலையில் விழும். செல்வம் என்கிற டிரைவர், எனக்குப் பழைய பழக்கம், லோரிப் படியில் உட்கார்ந்துகொண்டு கத்தினான்: “வாங்க வாங்க, கம்ப்யூட்டர்காரங்க வந்துட்டாங்க! இனிமே பழம் தானா எறங்கி உள்ள நடந்து போயிடும்!”

“வாய மூடுடா செல்வம்.”

“நான் மூடிக்கிறேன் ஆறுமுகம். பழம் வாய் விடுதே, மோந்து பாரு.”

எடைமேடை அறையில் உட்கார்ந்து நான் திருத்தினேன். சின்னத் திருத்தம். என் முத்திரை வைத்தேன். பரமேஸ்வரி படித்தாள், வெறும் லோரி ஒன்றை ஏற்றிச் சோதித்தாள், ஒரு இடத்தில் கழித்தல் குறி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதையும் சரிசெய்தேன். அவளும் பார்த்ததாகத் தன் முத்திரை வைத்தாள். ரெண்டு பச்சை. இனி பாயின் முத்திரை ஒன்றுதான்.

அவள் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்தாள். மேசையில் வைத்தாள். செருகவில்லை.

“போடும்மா” என்றேன்.

“அண்ணே, இதப் போட்டா பாய் பார்த்தாருன்னு அர்த்தம். அவர் பார்க்கல.”

“அவருக்குப் பதிலாத்தானே உன்கிட்ட குடுத்திருக்காரு.”

அவள் என்னையே பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் கெஞ்ச வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெளியே செல்வம் ஹாரனை அழுத்தினான். எனக்குள் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டது.

“எல்லாத்தையும் உனக்குத்தானே தூக்கிக் குடுத்தாரு! வந்து ஒரு வருஷம் ஆகல, சாவியும் உனக்கு, எண்ணும் உனக்கு. அப்புறம் என்ன, போடேன்!”

“எண்ணா?” என்றாள். “என்கிட்ட ஏது அண்ணே எண்ணு?”

“உன்கிட்ட இல்லையா?” என்றேன்.

“அன்னிக்கே கேட்டேன். ‘பாய், எண்ணு?’ன்னேன். ‘அது ஆறுமுகத்துக்கிட்ட இருக்கும். நீ தனியாவும் போட முடியாது, அவர் தனியாவும் போட முடியாது. ரெண்டு பேரும் பார்த்துச் சரின்னா, நான் பார்த்த மாதிரி’ன்னாரு. பேர வச்சு ஒரு தடவ ஏமாந்தாச்சு, இனிமே ஒரு ஆளோட கையில எதுவும் இருக்கக் கூடாதுன்னாரு.”

“இத ஏன் என்கிட்ட சொல்லல அவரு?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “‘அவருகிட்ட இந்த ஏற்பாட்டச் சொன்னா ரவாங் முழுக்கச் சொல்லிட்டுத்தான் தூங்குவாரு. எண்ண மட்டும் சொல்லாதீங்கன்னா, செத்தாலும் சொல்ல மாட்டாரு’ன்னாரு.”

அங்கே ஆபரேஷன் மேசையில் கிடக்கிற ஆள் என்னைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

“நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்கதான் மூஞ்சியக் குடுத்தே பேசலையே. எண்ண வச்சுக்கிட்டு என்னைக் கெஞ்ச வைக்கிறீங்கன்னு நெனச்சேன்.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “எல்லாரும் பார்க்க ஒரு பிளாஸ்டிக்கத் தூக்கி என் கையில வச்சாரு. அது கெட்டுப்போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். ஆனா மனசுல வைக்கிறத உங்களுக்குக் குடுத்தாரு. நான் வெறும் மேசை டிராயர் அண்ணே, நீங்க ஆளு. அதனாலதான் சொல்றேன் அண்ணே, எனக்கு உங்க மேல பொறாமை. இன்னிக்கு நேத்து இல்ல, பாய் அந்தச் சாவிய என் கையில வச்ச நாள்லேருந்தே.”

பாய் பிழைத்து வந்தார், இன்னும் பல வருடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அந்த இடத்தில் இப்போது பரமேஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் லேசாக எரியத்தான் செய்கிறது. சர்வரே முத்திரை வைக்கும் என்கிறீர்கள். வைக்கட்டும். அதற்கு யார் மேலும் பொறாமை வராது, அது ஒன்றுதான் அதில் குறை.

ஆனால் அந்த அறையில், அந்த வெயிலில், அவள் அடுத்துச் செய்தது இதுதான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். குறிப்புக்கான இடத்தில் ‘பாய் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆறுமுகம், பரமேஸ்வரி’ என்று அடித்தாள். என் பெயரைத்தான் முதலில் போட்டாள். கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு, நான் எண்ணை அடிப்பது தெரியாதபடி நாற்காலியோடு திரும்பி, சன்னலுக்கு வெளியே லோரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு இலக்கமும் அடித்தேன். துண்டு மினுக்கத் தொடங்கியது. “மினுக்குதும்மா” என்றேன். அவள் முகத்தைத் திருப்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, மேசை விளிம்பைத் தடவித் தடவி வந்து, அதைத் தொட்டாள்.